சுவிஃப்ட் பெட்ரோலுக்கு வெளி இன்டேக் (இன்ஜினுக்குக் காற்று எடுக்கும் ஃபில்டரும் குழாயும்) போடலாமா? மலையேறும்போது மூச்சு வாங்குகிறது

1. சரவணம்பட்டி_சுவிஃப்ட்

எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது 2018 சுவிஃப்ட் பெட்ரோல், மேனுவல் கியர், 62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. முதல் நாளிலிருந்து நான் ஒருவன்தான் ஓட்டுகிறேன். வெளியில் வாங்கி வண்டியில் மாட்டியது என்றால் இதுவரை ஃபோன் ஸ்டாண்டு ஒன்றுதான்.

போன மாதம் குடும்பத்தோடு வால்பாறை போனோம். ஆழியார் தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகள் ஆரம்பித்ததுமே வண்டி முன்பு மாதிரி இழுக்கவில்லை என்று தெரிந்துவிட்டது. நாற்பது வளைவில் பாதிக்கு மேல் முதல் கியருக்கு இறங்க வேண்டியிருந்தது. கடைசியில் ஏசியை அணைத்துவிட்டு ஏறினேன். பின்சீட்டில் அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டே வந்தார். இரண்டு வருடத்துக்கு முன் இதே ஆட்கள், இதே மூட்டை முடிச்சோடு இரண்டாவது கியரிலேயே ஏறியிருக்கிறேன்.

திரும்பி வந்ததும் ஓர் ஆக்சசரீஸ் கடையில் விசாரித்தேன். சிவப்பு கோன் ஃபில்டர் (பெட்டி இல்லாமல் மாட்டும் கூம்பு), அலுமினியக் குழாய், மாட்டுக்கூலி எல்லாம் சேர்த்து 6,500 ரூபாய் என்கிறார். "எட்டுக் குதிரை கூடும், மைலேஜும் இரண்டு கூடும்" என்றார். பழைய ஏர் ஃபில்டர் பெட்டிக்குள்ளேயே வைக்கிற, கழுவிக் கழுவிப் பயன்படுத்தும் பஞ்சு ஃபில்டர் கிட்டத்தட்ட 5,000. இரண்டில் எது நல்லது? ஞாயிற்றுக்கிழமை அட்வான்ஸ் கொடுக்க வருவதாகச் சொல்லியிருக்கிறேன்.

2. டர்போ_பித்தன்

போடுங்க நண்பா, இதில் என்ன யோசனை. என் போலோ ஜிடி டிஎஸ்ஐ-யில் ஐந்து வருடமாக வெளி ஃபில்டர்தான். ஆக்சிலரேட்டரை அழுத்தினால் டர்போ காற்றை உறிஞ்சுகிற சத்தம், காலை எடுத்தால் "உஸ்ஸ்". காலையில் ஆபீஸ் போகும்போது எனக்கு அதுவே காபி.

3. கார்பரேட்டர்_மாமா

தம்பி, ஒரே ஒரு கேள்வி. இப்போது வண்டியில் இருக்கிற பேப்பர் ஃபில்டரைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? சர்வீஸ் பில்லில் எழுதியிருப்பதைச் சொல்ல வேண்டாம். பெட்டியைத் திறந்து கண்ணால் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

4. எண்_கணக்கன்

எட்டுக் குதிரை என்கிறாரே, அது எங்கிருந்து வரும் என்று கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

உங்கள் இன்ஜின் 1,197 சிசி. நான்கு ஸ்ட்ரோக் என்பதால் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் முழுதாக நிரம்பும். நிமிடத்துக்கு 6,000 சுற்று என்றால் 3,591 லிட்டர் காற்று. எந்த இன்ஜினும் நூற்றுக்கு நூறு நிரம்பாது, ஆகவே 3,100 லிட்டர் என்று வையுங்கள். வீட்டுக்கு வருகிற 20 லிட்டர் தண்ணி கேன் அளவில் சொன்னால், ஒரு நிமிடத்தில் 155 கேன் காற்று அந்த ஃபில்டர் வழியாகப் போகிறது. ஆமாம், பெரிய அளவுதான். ஆனால் கம்பெனிக்காரர்கள் இந்த அளவுக்குக் கணக்குப் போட்டுத்தான் பேப்பரை அத்தனை மடிப்பு மடித்து வைத்திருக்கிறார்கள்.

கம்பெனி சொல்லும் சக்தி 83 குதிரை. அதில் எட்டு என்றால் கிட்டத்தட்ட 10 சதவீதம். 10 சதவீதம் சக்தி கூட வேண்டுமானால் சுமார் 10 சதவீதம் காற்று கூடப் போக வேண்டும். கோவையில் காற்றழுத்தம் ஏறக்குறைய 96 கிலோபாஸ்கல். அப்படியானால் உங்கள் பழைய ஃபில்டர் மட்டுமே 9, 10 கிலோபாஸ்கலை விழுங்கிக்கொண்டு இருந்தால்தான் அதை மாற்றி அந்த எட்டுக் குதிரையை மீட்க முடியும். நல்ல நிலையில் இருக்கிற பேப்பர் ஃபில்டர் அதில் பத்தில் ஒரு பங்குகூட விழுங்காது.

மைலேஜ் பேச்சை விட்டுவிடுங்கள். ஐந்தாவது கியரில் 60-இல் போகும்போது த்ராட்டில், அதாவது இன்ஜினுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடும் வால்வு, பாதிகூடத் திறந்திருக்காது. காற்றுக்கு முட்டுக்கட்டை போடுவதே அந்தத் த்ராட்டில்தான், அதைப் பிடித்திருப்பது உங்கள் கால். வாசல் கதவு முக்கால்வாசி சாத்தியிருக்கும்போது தெருக் கேட்டை அகலமாக்கி என்ன பயன்? 2009-இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் இதைச் சோதித்துப் பார்த்தது. இன்றைய பெட்ரோல் இன்ஜெக்ஷன் கார்களில் அடைபட்ட ஃபில்டரால்கூட மைலேஜ் குறையவில்லை, வண்டியின் வேகமெடுப்புதான் அடிபட்டது.

இதை நீங்களே அளந்துவிடலாம். ஐநூறு, அறுநூறு ரூபாய்க்கு வண்டியின் சென்சார் அளவுகளை ஃபோனில் காட்டும் ப்ளூடூத் ஓபிடி டாங்கிள் கிடைக்கும். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் சொருகி ஃபோனில் மேப் சென்சார் அளவைப் பாருங்கள். மேப் என்றால் கூகுள் மேப் இல்லை, இன்டேக் மேனிஃபோல்டுக்குள் இருக்கும் அழுத்தம். இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்தால் வெளிக்காற்றின் அழுத்தம் வரும். அடுத்து காலியான சாலையில் இரண்டாவது கியரில் ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தி 6,000 சுற்று வரை இழுத்து அதே அளவைக் குறியுங்கள். ஃபில்டர், குழாய், த்ராட்டில் எல்லாம் சேர்ந்து விழுங்கியது எவ்வளவோ அதுதான் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். பக்கத்தில் ஒருவரை உட்கார வைத்து அவரைக் குறிக்கச் சொல்லுங்கள். ஓட்டிக்கொண்டே ஃபோனைப் பார்க்க வேண்டாம்.

அப்படியே இன்டேக் காற்றின் சூட்டையும் குறித்து வையுங்கள். எதற்கு என்று அப்புறம் சொல்கிறேன்.

5. மதுரை_கே12

கோன் மாட்டி ஏழு மாதம் ஓட்டிவிட்டுக் கழற்றியவன் நான். வண்டியும் இதே சுவிஃப்ட்தான், அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

முதல் வாரம் சொர்க்கம். மூவாயிரம் சுற்று தாண்டியதும் "ஹூம்ம்" என்று ஒரு உறுமல், பக்கத்து வண்டிக்காரர் திரும்பிப் பார்ப்பார். அந்தச் சத்தத்திலேயே வண்டி பறக்கிற மாதிரி இருந்தது. அலுவலகத் தோழன் அதே மாடல், அதே வருட வண்டி வைத்திருக்கிறான். ரிங் ரோட்டில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் மூன்றாவது கியரில் இழுத்தோம். அவன் அரை வண்டி நீளம் முன்னால். "காற்று எதிர்ப்பக்கம்டா" என்று சமாளித்தேன். திரும்பி வரும்போதும் அவன்தான் முன்னால்.

காரணம் பின்னால்தான் புரிந்தது. கம்பெனிப் பெட்டி காற்றை முன்பக்கக் கிரில்லை ஒட்டி, வெளியிலிருந்து எடுக்கிறது. கடைக்காரர் அந்தப் பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டுக் கோனை இன்ஜினுக்குப் பக்கத்தில், பானட்டுக்கு அடியிலேயே மாட்டியிருந்தார். ரேடியேட்டர் கடந்து வரும் சூடு முழுக்க அதன் முகத்தில்தான். சிக்னலில் நின்றால் இன்டேக் சூடு 71 டிகிரி வரை போனதைப் பார்த்திருக்கிறேன். சமையலறையில் அடுப்புக்கு மேல் மூக்கை வைத்து மூச்சு விடுகிற கதை.

இரண்டாவது, தூசி. இதுதான் என்னைக் கழற்ற வைத்தது. ஒரு நாள் அலுமினியக் குழாயைக் கழற்றி, ஃபில்டருக்குப் பின்பக்கம், அதாவது சுத்தமான காற்று மட்டுமே போக வேண்டிய இடத்தில், பழைய வெள்ளை வேட்டித் துணியை விரலில் சுற்றித் துடைத்துப் பார்த்தேன். முகப்பவுடர் மாதிரி செம்மண் நிறத்தில் அப்பிக்கொண்டு வந்தது. விரலில் தேய்த்தால் நறநறவென்றது. மாட்டி அப்போது 3,000 கிலோமீட்டர்கூட ஆகவில்லை. கோனை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன், ஊசிமுனை ஊசிமுனையாக வெளிச்சம் தெரிந்தது. பெட்டியில் பெரிய பிராண்டு பெயர்தான் போட்டிருந்தது, ஆனால் அசல் சரக்கு இல்லை என்று இப்போது தெரிகிறது.

மூன்றாவது சின்ன விஷயம்தான், ஆனால் தலைவலி. இன்டேக் குழாயில் வந்து சேர வேண்டிய பிரீதர் ஹோஸை (இன்ஜினின் எண்ணெய் ஆவியைக் கொண்டுவரும் குழாய்) மெக்கானிக் அப்படியே தொங்க விட்டிருந்தார். ஏசி போட்டால் உள்ளே எண்ணெய் வாடை. இரண்டாவது நாளே செக் இன்ஜின் லைட் வேறு. பழுதின் கோடு எண் பி0113. காற்றின் சூட்டை அளக்கும் சென்சாரின் பிளக்கைக் கழற்றியவர் திரும்பச் சொருகவில்லை. அதனால் வண்டி மதுரை வெயிலில் நின்றுகொண்டு வெளியே மைனஸ் 40 டிகிரி என்று சொல்லிக்கொண்டிருந்தது.

6. டர்போ_பித்தன்

மைனஸ் 40! மதுரைக்கு ஸ்வெட்டர் பார்சல்.

7. நாமக்கல்_லாரி

தூசி பற்றிப் பேச்சு வந்ததால் நானும் நுழைகிறேன். கார் விஷயம் எனக்கு அவ்வளவாகத் தெரியாது. வீட்டில் நான்கு லாரி ஓடுகிறது, ஒன்று எம்-சாண்ட் லோடு.

லாரியில் ஏர் கிளீனரை ஒட்டிச் சின்னதாக ஒரு இண்டிகேட்டர் இருக்கும். ஃபில்டர் அடைக்க அடைக்க உள்ளே இழுவிசை கூடி அதில் சிவப்புப் பட்டை ஏறி வரும். முழுச் சிவப்பு வந்தால்தான் ஃபில்டரை மாற்றுவோம். 25 அங்குல நீர்மட்டம் என்று அளவு சொல்வார்கள், அதாவது 6 கிலோபாஸ்கலுக்குக் கொஞ்சம் மேலே. அத்தனை அடைத்த பிறகும் முப்பது டன்னை இழுத்துக்கொண்டுதான் வரும்.

பலர் தலைகீழாக நினைத்துக்கொண்டிருக்கும் விஷயம் ஒன்று உண்டு. புது பேப்பர் ஃபில்டரைவிடக் கொஞ்சம் தூசி படிந்த ஃபில்டர்தான் நன்றாக வடிகட்டும். படிந்த தூசியே இன்னொரு வடிகட்டியாகிவிடும். அதனால் வாரா வாரம் கழற்றி ஏர் அடிப்பவரைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும். கம்ப்ரசர் காற்றை நேராக வைத்து அடித்தால் பேப்பரில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழும். அப்புறம் அது பார்வைக்குத்தான் ஃபில்டர்.

மணல் தூசி உள்ளே போனால் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் ஒரு தடவை இன்ஜின் லைனர் (பிஸ்டன் ஓடும் உறை) கழற்றும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். பிஸ்டன் ரிங் பிளேடு மாதிரி மெலிந்து வந்திருக்கும்.

8. சரவணம்பட்டி_சுவிஃப்ட்

மாமா சொன்னபடி நேற்று இரவு பெட்டியைத் திறந்தேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது.

நான்கு கிளிப்பை நீக்கி மூடியைத் தூக்கியதும் முதலில் விழுந்தது ஒரு காய்ந்த வேப்பிலைக் கொத்து. ஃபில்டரின் அடிப்பக்கம் வெள்ளையும் இல்லை, மஞ்சளும் இல்லை, எலி நிறம். ஒரு மடிப்புக்குள் இரண்டு தட்டான் பூச்சி, இறக்கை உடையாமல் அப்படியே இருந்தன. தரையில் ஒரு தட்டு தட்டினேன், ஒரு கைப்பிடி தூசி கொட்டியது. கடைசி இரண்டு சர்வீஸும் வீட்டுக்குப் பக்கத்துப் பட்டறையில்தான் விட்டேன். பில்லில் இரண்டு தடவையும் "ஏர் ஃபில்டர் சுத்தம்" என்று காசு போட்டிருக்கிறார்கள்.

மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "மிக்ஸி அடியில்கூட இவ்வளவு இருக்காது" என்றாள்.

டாங்கிள் ஆர்டர் போட்டாயிற்று. புது ஃபில்டரும், கம்பெனிச் சரக்கே, 340 ரூபாய். கணக்கன் சார், பழையதை மாட்டியே முதலில் அளக்க வேண்டுமா?

9. எண்_கணக்கன்

ஆமாம். தட்டிய தூசி தட்டியதாகவே இருக்கட்டும், பழையதையே மாட்டி அளங்கள். அப்புறம் புதியது. மனம் கேட்டால் ஃபில்டரே இல்லாமல் ஒரே ஒரு இழுப்பு. தூசி இல்லாத சாலையில், ஒன்றுக்கு மேல் வேண்டாம். ஃபில்டரே இல்லாத அளவைவிட நல்ல ஃபில்டரை உலகத்தில் எவராலும் விற்க முடியாது இல்லையா? அதுதான் உச்சவரம்பு.

10. வேளச்சேரி_படகு

பெயரைப் பார்த்தே யார் என்று புரிந்திருக்கும். 2015 டிசம்பரை வேளச்சேரியில் கழித்தவன்.

கோன் சூட்டுக் காற்றை இழுக்கிறது என்று மதுரைக்காரர் சொன்னதும் அடுத்து யாராவது "அப்படியானால் நிஜமான கோல்டு ஏர் இன்டேக் போடலாம், குழாயைப் பம்பருக்குக் கீழே இறக்கினால் குளிர்ந்த காற்று கிடைக்கும்" என்று வருவார்கள். வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். என் நண்பன் அப்படித்தான் இறக்கியிருந்தான். ஃபில்டர் பனி விளக்குக்குப் பின்னால், தரையிலிருந்து ஒன்றரை ஜாண். 2015 மழையில் தண்ணீர் முழங்கால் அளவுகூட இல்லாத தெருவில் மெதுவாகத்தான் போனான். எதிரே வந்த பஸ் கிளப்பிய அலை ஒன்று போதும். "டக்" என்று ஒரு சத்தம், அத்தோடு சரி. திறந்து பார்த்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராட் ஒன்று வளைந்திருந்தது.

காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சுவிஃப்டின் ஒரு சிலிண்டர் சுமார் 300 சிசி, அமுக்க விகிதம் 11-க்கு 1 என்று வையுங்கள். பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது மிச்சம் இருக்கிற இடம் 30 மில்லி. இருமல் மருந்து மூடியில் மூன்று மூடி. அதற்கு மேல் தண்ணீர் உள்ளே போனால் ஏதாவது ஒன்று வளைந்தே ஆக வேண்டும்.

இன்சூரன்ஸிலும் அடி. சாதாரண பம்பர் டு பம்பர் பாலிசியில் தண்ணீர் இழுத்த இன்ஜினுக்குப் பணம் வருவது கஷ்டம், அதற்கென்று இன்ஜின் புரொடெக்ட் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். அது இருந்தாலும், சொல்லாமல் மாற்றிய இன்டேக்கைப் பார்த்ததும் சர்வேயர் பேனாவை மூடிவிடுவார்.

11. கார்பரேட்டர்_மாமா

படகு சொன்னதோடு சட்டத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஒரு கேரள வழக்கில் அதையே உறுதி செய்தது. அதே வருடத் திருத்தத்தில் 182ஏ என்று ஒன்று வந்தது. அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ரோட்டில் பிடிப்பவர் பானட்டைத் திறந்து பார்ப்பாரா என்றால் பெரும்பாலும் மாட்டார், சைலன்சர் சத்தத்தைத்தான் பிடிப்பார். பெட்டிக்குள் ஃபில்டரை மட்டும் மாற்றியதற்காக யாரையும் பிடித்து நான் பார்த்ததில்லை. ஆனால் விபத்து என்று வந்துவிட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் திறந்து பார்ப்பார்.

12. டர்போ_பித்தன்

எல்லோரும் சேர்ந்து என்னை வில்லனாக்கிவிட்டீர்கள். கொஞ்சம் இறங்கியே வருகிறேன்.

நான் போட்டிருப்பது கோன் இல்லை. கம்பெனிப் பெட்டிக்குள்ளேயே வைக்கிற பருத்தி ஃபில்டர், கே அண்ட் என், அசல். அதோடு ஈசியூ ரீமேப்பும், அதாவது இன்ஜினை இயக்கும் கணினியின் அமைப்பில் மாற்றமும், செய்திருக்கிறேன். டர்போ வண்டிக் கதையே வேறு. கம்ப்ரசருக்கு முன்னால் இருக்கும் தடையை டர்போ இரண்டு மடங்காக்கிக் காட்டும். ரீமேப் செய்து காற்று கூடத் தேவைப்படும்போது பெரிய இன்டேக்குக்கு அர்த்தம் உண்டு. ரீமேப் இல்லாத டர்போவில் ஈசியூ தானாகவே பூஸ்டை (டர்போ தரும் காற்றழுத்தத்தை) சரிக்கட்டிக் குறித்த அளவில் நிறுத்திவிடும், ஆகவே அங்கேயும் பெரிதாக ஒன்றும் கூடாது. என் வண்டியில் கூடிய சக்தி முக்கால்வாசி ரீமேப்பில் வந்தது. ஃபில்டரில் வந்தது சத்தம்.

அந்தச் சத்தம் எனக்கு வேண்டும். ஐயாயிரம் ரூபாய்க்கு ஸ்பீக்கர் வாங்குகிறவரை யாரும் "எத்தனை குதிரை கூடியது" என்று கேட்பதில்லை. என்னை மட்டும் ஏன் கேட்கிறீர்கள்?

பருத்தி ஃபில்டர் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கழுவிய பிறகு எண்ணெயைக் குளிப்பாட்ட வேண்டாம். மாஃப் சென்சார் (உள்ளே போகும் காற்றின் அளவை அளப்பது) உள்ள வண்டிகளில், டீசலில் அது நிறைய உண்டு, அந்த மெல்லிய சூட்டுக் கம்பியில் எண்ணெய் படிந்தால் அளவு தவறும். சுவிஃப்ட் பெட்ரோல் மேப் சென்சாரை வைத்து ஓடுகிறது, அந்தத் தொல்லை இல்லை.

13. எண்_கணக்கன்

பித்தரே, இந்தப் பதிலை இரண்டாவது பதிவிலேயே போட்டிருந்தால் பாதி இழை மிச்சமாகியிருக்கும். சத்தத்துக்காக என்று சொல்லி வாங்குகிறவரோடு எனக்குச் சண்டையே இல்லை.

14. சரவணம்பட்டி_சுவிஃப்ட்

அளந்தாயிற்று. ஞாயிறு காலை, எல் அண்ட் டி பைபாஸ், பக்கத்து சீட்டில் பேப்பர் பேனாவோடு மச்சான். வெளிச்சூடு 33 டிகிரி என்று வண்டி காட்டியது. (அட்வான்ஸ் கொடுக்கப் போக வேண்டிய ஞாயிறு. போகவில்லை.)

சாவி மட்டும் ஆன்: 96 கிலோபாஸ்கல்.
பழைய ஃபில்டர், முழு த்ராட்டில், 5,800 சுற்று: 92.
புது பேப்பர் ஃபில்டர்: 94.
ஃபில்டரே இல்லாமல்: 94, ஒரு கணம் 95 எட்டிப் பார்த்தது.

அதாவது 340 ரூபாய் ஃபில்டருக்கும் ஒன்றுமே இல்லாததற்கும் வித்தியாசம் இல்லை என்றே சொல்லலாம். கோன் வந்து இங்கே எதைப் பிடுங்கப் போகிறது?

ஆனால் ஒன்று இடிக்கிறது. இன்டேக் சூடு. பைபாஸில் 80-இல் சீராகப் போகும்போதும் 53 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை. மூன்று ஃபில்டருக்கும் அப்படியேதான். இது சரிதானா?

15. எண்_கணக்கன்

சரியில்லை. சென்சாரே சூட்டில் ஊறிச் சில டிகிரி கூடக் காட்டும் என்று வைத்துக்கொண்டாலும், ஓடுகிற வண்டியில் வெளிச்சூட்டைவிட ஏழெட்டு டிகிரிதான் கூட இருக்கும். உங்களுக்கு 20 கூட இருக்கிறது. கோன் போட்ட வண்டியில்தான் இந்த அளவைப் பார்த்திருக்கிறேன், உங்கள் வண்டியிலோ கோனே இல்லை.

காற்றின் சூடு 10 டிகிரி ஏறினால் அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறையும். சூட்டைப் பார்த்துவிட்டு ஈசியூ ஸ்பார்க் நேரத்தையும் பின்தள்ளும், அது தனி நஷ்டம்.

16. கார்பரேட்டர்_மாமா

தம்பி, சமீபத்தில் முன்பக்க பம்பரையோ ரேடியேட்டரையோ கழற்றினார்களா?

17. சரவணம்பட்டி_சுவிஃப்ட்

ஆமாம் மாமா. எட்டு மாதம் முன்பு பார்க்கிங்கில் ஒருவர் இடித்துவிட்டார், பம்பரைக் கழற்றிப் பெயின்ட் அடித்து மாட்டினார்கள். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

18. கார்பரேட்டர்_மாமா

பானட்டைத் திறந்து ஏர் பாக்ஸிலிருந்து முன்பக்கம் போகிற கருப்புப் பிளாஸ்டிக் குழாயைக் கையால் தடவிக்கொண்டே போங்கள். அதன் வாய் எங்கே முடிகிறது என்று பாருங்கள்.

19. சரவணம்பட்டி_சுவிஃப்ட்

கீழே பார்க்கிங்கிலிருந்து எழுதுகிறேன். டார்ச் வாயில்.

குழாய் பாக்ஸோடு சேரும் இடத்திலேயே கழன்று கிடக்கிறது. பிடித்திருக்க வேண்டிய பிளாஸ்டிக் கிளிப்பைக் காணோம். மேலிருந்து பார்த்தால் சேர்ந்திருக்கிற மாதிரிதான் தெரியும், விரலை விட்டால் இரண்டு விரல் இடைவெளி. வண்டி எட்டு மாதமாக ரேடியேட்டர் சூட்டைத்தான் மூச்சாக இழுத்திருக்கிறது. வால்பாறை ஏறியதும் அப்படியே.

இப்போதைக்குக் குழாயை அமுக்கிச் சொருகி ஒரு கேபிள் டை போட்டிருக்கிறேன். மச்சானைக் கூப்பிட்டிருக்கிறேன், ஒரு ரவுண்டு போய்விட்டு வருகிறேன்.

20. மதுரை_கே12

அடப்பாவி, அப்படியென்றால் காசே செலவழிக்காமல் எட்டு மாதமாக நீங்களும் கோன் போட்ட வண்டிதான் ஓட்டியிருக்கிறீர்கள்.

21. சரவணம்பட்டி_சுவிஃப்ட்

வந்துவிட்டோம். அதே பைபாஸ், அதே 80. இன்டேக் சூடு 40. வெளியே 32. மச்சான் இரண்டு தடவை பார்த்துச் சொன்னான்.

22. எண்_கணக்கன்

அப்படியானால் கூட்டிவிடலாம். அடைத்த ஃபில்டரால் 2 சதவீதம் போனது. 53-லிருந்து 40-க்கு வந்ததில் அடர்த்தி 4 சதவீதம். பைபாஸில் இவ்வளவு என்றால், மலையில் முதல் கியரில் ஊர்ந்து ஏறும்போது பானட்டுக்குள் காற்றோட்டமே இருக்காது, சூடு இன்னும் எகிறியிருக்கும். ஸ்பார்க் பின்தள்ளியதையும் சேர்த்தால் ஆறேழு குதிரை போயிருக்கும் என்றே வைக்கலாம். கடைக்காரர் தருவதாகச் சொன்ன எட்டுக் குதிரை ஏறக்குறைய உங்கள் வண்டிக்குள்ளேயேதான் கட்டிக் கிடந்தது.

அதோடு இதையும் மறக்க வேண்டாம். வால்பாறை 3,500 அடி உயரம். ஆழியாரிலிருந்து அங்கே போய்ச் சேருவதற்குள் காற்றழுத்தமே 8 சதவீதம் குறையும். டர்போ இல்லாத எந்த வண்டிக்கும் மலை அந்த வரியை வசூலிக்கும். எந்த ஃபில்டர் போட்டாலும் விலக்கு கிடையாது.

23. டர்போ_பித்தன்

டர்போ வண்டிக்கு அந்த வரியில் தள்ளுபடி உண்டு என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

24. சரவணம்பட்டி_சுவிஃப்ட்

வரியோடு போகிறேன் அண்ணா. அடுத்த மாதம் மறுபடி வால்பாறை. அம்மா வர மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார், ஏசி போடுவேன் என்று சத்தியம் செய்தால் யோசிப்பாராம்.

கடைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "பயந்துட்டீங்களா சார்" என்றார். செலவு: ஃபில்டர் 340, டாங்கிள் 550, மச்சானுக்கு அன்னபூர்ணாவில் சாம்பார் இட்லியும் காபியும். கழன்ற குழாய்க்குக் கம்பெனி கிளிப் சொல்லியிருக்கிறேன், வர ஒரு வாரமாம்.

உண்மையைச் சொன்னால், பித்தர் அண்ணா எழுதியதைப் படித்ததிலிருந்து அந்தச் சத்தத்தின் மேல் ஒரு ஆசை இருக்கத்தான் செய்கிறது. அதைத் தனியாக யோசிக்கிறேன். யோசிக்கும்போது மலை ஏறவில்லை என்று சாக்குச் சொல்ல மாட்டேன்.

25. மதுரை_கே12

ஆசை என்றால் என் கோன் கிட் பரண் மேல் சும்மாதான் கிடக்கிறது. கூரியர் செலவு மட்டும் கொடுத்து யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அலுமினியக் குழாய், கோன், ஹோஸ் கிளாம்ப் மூன்று.

26. நாமக்கல்_லாரி

கோனை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். கிளாம்ப் மூன்றும் எந்த சைஸ்?